நிறுத்தத் தெரிந்த மேஸ்திரி

ஓடுகிற பொருள் எதைப் பார்த்தாலும், இதை எப்படி நிறுத்துவது என்றுதான் மேஸ்திரி முதலில் யோசிப்பார். பொன்னேரியிலிருந்து நெல் ஏற்றிவருகிற வண்டிக்காரன் மாட்டை விரட்டிக்கொண்டு வந்தால், நடுவழியில் நின்று கையைக் காட்டுவார். வண்டி நின்றதும் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பார்.

"மாடு மிரண்டா இத நிறுத்தறதுக்கு இன்னா வச்சிகினு கீற?"

வண்டிக்காரன் சாட்டையைக் காட்டுவான்.

"அது ஓட்டறதுக்கு. நான் கேட்டது நிறுத்தறதுக்கு."

வண்டிக்காரன் விழிப்பான். இவர் வழியைவிட்டு ஒதுங்கிப் போய்விடுவார். பழவேற்காட்டில் பாதிப்பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், பாதிப்பேர் பயந்தார்கள். நான் அவரை நம்பினேன். அவர் மகள் அஞ்சலையைத்தான் கட்டியிருந்தேன்.

கோட்டை அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்தது. கோட்டைக்கு மேற்கே, ஏரிக்கரை மணல்மேட்டில், கோதுமை அரைப்பதற்காக அவர்கள் ஒரு காற்றாலை கட்டியிருந்தார்கள். எட்டாள் உயரத்துக்கு மரக் கூண்டு. அதன் உச்சியில் திரும்பக்கூடிய ஒரு தலை. தலையின் முகத்தில் ஏணிபோல் சட்டம் அடித்த நான்கு இறக்கைகள். சட்டத்தின்மேல் பாய்த்துணியை விரித்துக் கட்டினால் காற்று அதைப் பிடித்துச் சுழற்றும். உள்ளே கல் அரைக்கும். அந்த ஆலைக்கு அவர்தான் மேஸ்திரி. இளவயதில் கப்பலில் பாய் கட்டுகிறவராக ஜாவாத் தீவின் பத்தாவி வரை போய்வந்தவர். கப்பல் தச்சன் ஒருவனிடம் வேலையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

பாயை விரிக்கவும் சுருட்டவும் எங்கள் மீனவக் குப்பத்து ஆட்களைத்தான் வைத்திருந்தார். எங்களுக்குக் கயிறும் பாயும் பிறவியிலேயே வருகிற சங்கதி. நான் ஒருவன், என் கூட்டாளி எல்லப்பன் ஒருவன், இன்னும் இரண்டு பேர்.

அவர் மெதுவாகச் சாப்பிடுவார். கஞ்சிக் கலயத்தை வாயில் வைத்தாரென்றால் பக்கத்தில் இருப்பவன் கை கழுவிவிட்டு வந்து காத்திருக்க வேண்டும். பேச்சும் அப்படித்தான். யாராவது படபடவென்று பேசினால் கண்ணை மூடிக்கொள்வார். என் கல்யாணத்தன்று தாலி கட்டுகிற நேரத்தில் மேளக்காரன் வேகம் பிடித்துக் கொட்டினான். எல்லோரும் பூ அரிசியைத் தூக்கிக்கொண்டு நிற்க, இவர் எழுந்துபோய் மேளத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். சத்தம் அப்படியே நின்றுபோயிற்று. "கட்டட்டும். அப்பால கொட்டு" என்றார். நான் மேளம் இல்லாமல் மூன்று முடிச்சையும் போட்டேன். கூட்டத்தில் ஒருவர் விடாமல் சிரித்தார்கள். அஞ்சலை தலைகுனிந்திருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெண் கேட்டுப் போனபோது அவர் என் வீட்டையோ படகையோ விசாரிக்கவில்லை. "ஏரியில முழுப் பாய் போட்டுகினு வா. நான் கரையில நிக்கறேன். என் காலுக்கு முன்னாடி படகு நிக்கணும். மணல்ல மூக்கு இடிக்கக் கூடாது" என்றார். அன்று வாடைக்காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. நான் வந்த வேகத்தைப் பார்த்துக் கரையில் இருந்தவர்கள் விலகி ஓடினார்கள். அவர் அசையவில்லை. பாயைத் தளர்த்தி, சுக்கானை வெட்டி, படகைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினேன். மூக்குக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே ஒரு கை அகலம் தண்ணீர் இருந்தது. அவர் குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொண்ணு தரேன்" என்றார்.

ஆலையைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் ஓட்டுவதைப் பற்றி இருக்காது. "காத்து லேசா இருந்தா கழுத கூட ஆல ஓட்டும். காத்து ஏறும்போதுதான் மேஸ்திரி வேணும்" என்பார். காற்று கொஞ்சம் ஏறினால் கல்லுக்குள் கோதுமையை அதிகம் விடச் சொல்வார். பாரம் கூடினால் ஓட்டம் குறையும். இன்னும் ஏறினால் பாயை முக்கால் ஆக்குவோம், பிறகு பாதி, பிறகு கால். அதற்கும் மீறினால் பாயை முழுக்கச் சுருட்டிவிட்டு, பின்பக்கம் இருக்கிற நீண்ட வாலைப் பிடித்துத் தள்ளி, ஆலையின் தலையைக் காற்றின் முகத்திலிருந்து திருப்பி விட வேண்டும். இவ்வளவுக்கும் கடைசியில்தான் கட்டை.

கட்டை என்பது உள்ளே இருக்கிற பெரிய மரச்சக்கரத்தைச் சுற்றிக் கவ்வுகிற வளையம். ஒரு கனத்த உத்தரம் அதை இறுக்கும். கயிற்றை இழுத்து உத்தரத்தைத் தூக்கினால் வளையம் தளர்ந்து சக்கரம் ஓடும். இறக்கிவிட்டால் கவ்வி நிறுத்தும். அந்தக் கயிற்றை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது.

"கட்ட எதுக்கு, சொல்லு மாப்ள."

"ஆலைய நிறுத்தறதுக்கு, மாமா."

"இல்ல. நின்ன ஆல நின்னபடியே இருக்கறதுக்கு. பெருங்காத்துல ஓடற ஆலைய கட்டைய போட்டு நிறுத்தப் பாத்தா மரமும் மரமும் தேஞ்சி நெருப்பு புடிச்சிக்கும். மாவுத் தூசி பறக்கற எடம். ஒரு பொறி போதும்."

பாயைச் சுருட்டும்போது ஒவ்வொரு இறக்கையாகக் கீழே கொண்டுவந்து நிறுத்துவோம். ஒருவன் சட்டத்தில் கால் வைத்து ஏறிச் சுருட்டிக் கட்டிவிட்டு இறங்குவான். அடுத்த இறக்கையைக் கொண்டுவரக் கட்டையை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் அவர் மூன்று தடவை குரல் கொடுப்பார். "கட்ட எடுக்கறேன்." ஏறினவன் "எறங்கிட்டேன்" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வராமல் அவர் கயிற்றைத் தொட்டதே கிடையாது. ஒருமுறை எல்லப்பன் இறங்கியதும் பதில் சொல்ல மறந்து தாழம்புதர்ப் பக்கம் ஒதுங்கப் போய்விட்டான். அவன் இறங்கிப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சொன்னோம். கோட்டையிலிருந்து வந்திருந்த கங்காணி கத்தினான். இவர் கயிற்றுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். "அவன் வாயால வரணும்." எல்லப்பன் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்து சொன்ன பிறகுதான் ஆலை ஓடிற்று. அன்றைக்கு வீட்டுக்கு நடந்துபோகும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு மனுஷன் கீழே நிற்கும்போது எவ்வளவு உயரத்திலும் ஏறலாம் என்று அஞ்சலையிடம் சொன்னேன்.

அது ஐப்பசி. ஏரிமுகத்துக்கு வெளியே கப்பல் ஒன்று நங்கூரமிட்டிருந்தது. அது கிளம்புவதற்குள் மாவு ஏற வேண்டுமென்று கோட்டையில் அவசரப்படுத்தினார்கள். கிழக்கே கடல்மேல் மேகம் கட்டியிருந்ததை நாங்கள் காலையிலேயே பார்த்தோம். அவரும் பார்த்தார். "முக்கால் பாய் இருக்கட்டும். உச்சி வேளைக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி அவசரமாக ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

உச்சிக்கு முன்பே கொண்டல் காற்று வந்துவிட்டது. சிறிது சிறிதாக ஏறி வரவில்லை. ஏரித் தண்ணீர் கறுத்தது, அடுத்த மூச்சுக்குள் இறக்கைகள் உறுமத் தொடங்கின. கோதுமையை அள்ளி அள்ளிப் போட்டும் ஓட்டம் அடங்கவில்லை. அவர் கட்டையை இறக்கினார். உத்தரத்தின்மேல் தன் உடம்பையும் சாய்த்துத் தொங்கினார். ஆலை முனகிக்கொண்டு நின்றது. முதல் இறக்கையில் நானே ஏறிச் சுருட்டினேன். இறங்கிப் பதில் கொடுத்தேன். அடுத்த இறக்கை கீழே வந்தது.

"ஏறு மாப்ள. சீக்கிரம் ஏறு" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

ஏறினேன். பாதிப் பாயைச் சுருட்டியிருப்பேன். என் காலுக்குக் கீழே சட்டம் நடுங்கிற்று. உள்ளே கட்டை தேய்ந்து புகை வாசனை வந்தது. கீழே ஆலைக்குள் மாவு சலிக்கிற பெண்கள் அலறுவது கேட்டது. அந்தப் பெண்களில் அஞ்சலையும் இருந்தாள். நான் இருந்த உயரத்திலிருந்து மணலில் குதித்திருந்தால் கால் சுளுக்கியிருக்கும், அவ்வளவுதான். "கட்ட எடுக்கறேன்" என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும், குதித்திருப்பேன். குரல் வரவில்லை. இறக்கை நகர்ந்தது.

பிறகு நடந்தது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். ஏரி என் தலைக்கு மேலே இருந்தது. வானம் காலடியில் இருந்தது. கயிற்றில் சுற்றியிருந்த வலதுகை தோளோடு பிய்ந்துபோவதுபோல் ஒரு வலி. எத்தனை சுற்று என்று தெரியாது. விழுந்தது ஏரிச் சேற்றில். அதனால் உயிர் தங்கிற்று.

கட்டையை எடுத்ததும் சக்கரம் தளர்ந்து புகை அடங்கிவிட்டது. எல்லப்பனும் மற்றவர்களும் வாலைத் தள்ளித் தலையைத் திருப்பினார்கள். ஆலை பிழைத்தது. உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் பிழைத்தார்கள்.

எனக்கு முழங்கை திரும்பி ஒட்டிக்கொண்டது. விரல்கள் மடங்கவில்லை. இடுப்பிலும் அடி. படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவர் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தார். வேலை முடிந்து, ஏரியில் குளித்துவிட்டு, கையில் கஞ்சிக் கலயத்தோடு வருவார். என்னைத் தூக்கிச் சாய்த்து வைத்து ஊட்டுவார். என்னை முதுகில் சுமந்து வெளிக்குக் கொண்டுபோய் வந்தார். மாமனார் மருமகனுக்கு அப்படிச் செய்வது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத விஷயம். நான் வெட்கப்பட்டால், "குழந்த மாதிரி இரு மாப்ள" என்பார். ஒரு நாள் என் விரல்களுக்கு எண்ணெய் நீவிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். கட்டையை எடுத்ததற்காக அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரைத் தேற்றினேன்.

எல்லப்பன் ரொம்ப நாள் கழித்துத்தான் என்னைப் பார்க்க வந்தான். வாசலுக்குள் வராமல் நின்றான்.

"இன்னாடா, மறந்துட்டியா?"

"எப்படிடா மூஞ்சி காட்டறது? கோட்டையில கேட்டப்ப நான் வாயே தொறக்கல."

"கோட்டையில இன்னா கேட்டாங்க?"

அவன் அஞ்சலையைப் பார்த்தான். பிறகு சொன்னான். நான் விழுந்த அடுத்த நாளே, பேச்சை மொழிபெயர்க்க துபாஷியை வைத்துக்கொண்டு கோட்டையில் விசாரித்திருக்கிறார்கள். மேஸ்திரி சொன்னதை துபாஷி எழுதிக்கொண்டார். மருமகன் அன்று குடித்திருந்தான்; சொல்லாமல் ஏறினான்; ஏறியிருப்பது தெரியாமல் கட்டையை எடுத்தேன். அதன்பேரில் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நான் கள்ளே தொடாதவன் என்று சொல்ல மாட்டேன். அன்று தொடவில்லை.

சாயங்காலம் அவர் கலயத்தோடு வந்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்தார். முதல் வாய் ஊட்டின பிறகு கேட்டேன்.

"மாமா, கோட்டையில என்னப் பத்தி இன்னா சொன்னீங்க?"

அவர் கை நிற்கவில்லை. அடுத்த வாயை எடுத்து நீட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அஞ்சலை அடுப்பிலிருந்து எழுந்து வந்து நின்றாள்.

"நைனா, நான் உள்ளதான இருந்தேன். ஏறு மாப்ளனு நீ கத்தனது என் காதுல வுழுந்துச்சே."

"உன்ன காப்பாத்தத்தான் கட்டைய எடுத்தேன், கண்ணு."

"எடுத்ததுக்கு நான் கேக்கல. சொன்னதுக்குக் கேக்கறேன்."

அவர் கலயத்தைத் தரையில் வைத்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். ஆலைக்கு எவ்வளவு பாய் வேண்டும் என்று யோசிக்கும்போது பேசுகிற அதே நிதானம்.

"ஆள் மேல இருக்கும்போது கட்டைய எடுத்தேன்னு சொன்னா என்ன கோட்டைக்குள்ள வச்சிப் பூட்டிடுவாங்க, மாப்ள. உனக்குக் கை போச்சு. இனிமே அந்த வேலைக்கு நீ போவ முடியாது. நானும் போயிட்டா ரெண்டு வூட்லயும் அடுப்பு எரியாது. உன் பேருதான போச்சு."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டையை எடுக்கும்போது என்னைக் கேட்டிருந்தால், உள்ளே அஞ்சலை இருக்கிறாள், விடுங்கள் மாமா என்று நானே சொல்லியிருப்பேன். கோட்டையில் பொய் சொல்வதற்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால், அதற்கும் ஒருவேளை தலையாட்டியிருப்பேன். இரண்டு தடவையும் அவர் என்னைக் கேட்கவில்லை. இத்தனை நாளும் என் வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டு, என் கண்ணைப் பார்த்துக்கொண்டு, சொல்லாமல் இருந்தார்.

"கோட்டைக்காரங்க இன்னா வேணா நெனைக்கட்டும். நம்ம ஜனங்ககிட்டயாவது சொல்லுங்க மாமா" என்றேன்.

"சொல்றேன். நேரம் பாத்து சொல்றேன்."

நான் ஊன்றி நடக்கத் தொடங்கியதும்தான் போன பேரின் அருமை தெரிந்தது. குப்பத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் என் கையில் கயிற்றைக் கொடுக்க மறுத்தார்கள். கரைவலை இழுக்கும்போது இடதுகையால் நானும் பிடிக்கப் போனால், வேறு யாராவது வந்து மெல்ல வாங்கிக்கொள்வார்கள். குடித்துவிட்டு ஏறி எல்லோரையும் கொளுத்தப் பார்த்தவன் என்று எனக்குப் பேர் ஆகியிருந்தது. சலிக்கப் போன பெண்களின் தாய்மார்கள் என்னைக் கண்டால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். அவர்கள் மகள்கள் எரிந்துபோகாமல் தப்பித்தது என் இறக்கை சுழன்றதால்தான் என்று யாருக்கும் தெரியாது.

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா வந்தது. குப்பம் முழுக்க மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. கூழ் ஊற்றிக்கொண்டு வந்த ஒருவன் என்னைப் பார்த்து, "இது வெறும் கூழுதான்பா, ஏறாது" என்றான். வரிசையே சிரித்தது. அவர் எனக்கு எதிர்வரிசையில் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அஞ்சலையும் பார்த்தாள். இதுதான் அவர் சொன்ன நேரம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். கையிலிருந்த கலயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். சிரிப்பு அடங்கிற்று.

"வயசு. தெரியாம பண்ணிட்டான்" என்றார். "நானே மனசுல வச்சிக்கல. நீங்களும் வுட்ருங்க."

எவ்வளவு பெரிய மனசு என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஒருவர் எழுந்துவந்து அவர் தோளைத் தட்டினார். ஊர் முன்னால் அவர் என்னை மன்னித்துவிட்டார்.

அஞ்சலை சாப்பிடாமல் எழுந்து வீட்டுக்குப் போனாள். அவர் எங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்த கஞ்சிக் கலயத்தை மண்போட்டுத் தேய்த்துக் கழுவி, அவர் வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. நாங்களும் போகவில்லை. நாங்கள் ஏரியின் தென்கரைக்குக் குடிபோனோம். இடதுகையால் வலை பின்னப் பழகிக்கொண்டேன். எங்கள் மகள் தேசம்மா அங்கேதான் பிறந்தாள்.

பல வருஷம் கழித்து ஒரு புயலில் ஆலையின் தலை முறிந்து ஏரிக்குள் விழுந்தது. ஒல்லாந்தர் அதை மறுபடி தூக்கி நிறுத்தவில்லை. அவருக்கு வேலை போயிற்று. மாமியார் முன்பே செத்துப்போயிருந்தார். வழி மறந்து, வீடு மறந்து, அவர் கரையோரம் அலைவதாகச் செய்தி வந்தது. அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கூட்டிவா என்றும் சொல்லவில்லை. அவளே போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள்.

எங்களோடு இருந்த காலத்தில் அவர் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. என்னை மாப்ள என்று கூப்பிட்டார். எந்த ஊர், என்ன கிழமை என்பது மட்டும் தெரியாது. தேசம்மாவைச் சில நாள் அஞ்சலை என்று நினைப்பார்.

ஒரு மத்தியானம் நான் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை மடவை மீன் அரிந்துகொண்டிருந்தாள். தேசம்மா தாத்தாவுக்குத் தலை சீவிவிட்டபடி கேட்டாள்.

"தாத்தா, நைனா கை ஏன் இப்டி வளஞ்சி கீது?"

படகில் விழுந்ததால் என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். நான் பேச்சை மாற்றுவதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"உங்க நைனா நல்ல மனுஷன்தான் கண்ணு. அன்னிக்கு கொஞ்சம் குடிச்சிருந்தாரு. நான் கீழ நின்னுகினு ஏறாத ஏறாதனு கத்தறேன். காதுல வாங்கல. எனக்குத் தெரியாம ஏறிட்டாரு." அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "எம் பொண்ணு புருஷனாச்சேன்னு நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். என்றாவது ஒருநாள் அந்தப் பொய்யை என் எதிரில் சொல்ல நேர்ந்தால் அந்த முகம் எப்படி ஆகும் என்று பல வருஷம் கற்பனை செய்திருக்கிறேன். அதில் ஒன்றும் ஆகவில்லை. பொய் சொல்கிற முகமே இல்லை அது. அவர் அதை நம்பினார்.

தேசம்மா என் பக்கம் திரும்பினாள். "நெசமா, நைனா?"

அஞ்சலை அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். முக்கால் பாய் விட்டது, கொண்டல் காற்று வந்தது, ஏறு மாப்ள என்று சத்தம் கேட்டது, புகை வந்தது, குரல் கொடுக்காமல் கட்டையை எடுத்தது, கோட்டையில் சொன்னது, கூழ் ஊற்றும்போது எழுந்து நின்றது. ஒரு இடத்திலும் நைனா என்றோ உன் தாத்தா என்றோ சொல்லவில்லை. அந்த மேஸ்திரி, அந்த மேஸ்திரி என்றே சொன்னாள்.

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் கொடுக்காமல் எடுத்தார் என்ற இடத்தில் நாக்கைக் கடித்துத் தலையை ஆட்டினார். முடிந்ததும் நகர்ந்து என் பக்கத்தில் வந்து, என் வளைந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினார்.

"கூட இருந்தே இப்டி பண்ணிட்டானே, பாவி" என்றார். "இன்னும் உசுரோட கீறானா அவன்?"

நான்தான் சொன்னேன், "கீறாரு, மாமா."

"அவன் மொகத்துலயே முழிக்காத, மாப்ள."

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.